ஓநாய்க்கு வைத்த ஆள்

ஞானசீலனுக்குத் தன் மகளோடு போனில் பேசத் தெரியாது. இதை அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆம்பூரில் அவர் வயசு அப்பாக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கெசியா வேலூர் பாகாயத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தபோதும் சரி, அயர்லாந்துக்குப் போய் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்த பிறகும் சரி, போன் வந்தால் அவர்தான் முதலில் எடுப்பார். "நல்லா இருக்கியாமா? சாப்ட்டியா?" என்று கேட்பார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள், "இரு, மம்மிகிட்ட குடுக்கறேன்" என்று போனைக் கை மாற்றிவிடுவார். என்னமோ சுடுகிற பாத்திரத்தைப் பிடித்திருப்பவர் மாதிரி அத்தனை அவசரம்.

அவர் மனைவி லில்லி அதை வாங்கிக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போவாள். அந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். அம்மாவும் மகளும் பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நிறுத்த மாட்டார்கள். ஞானசீலன் டிவி சத்தத்தை மொத்தமாகக் குறைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். லில்லி பேசுவது மட்டும்தான் கேட்கும். மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவரே யூகித்துக்கொள்வார். மகளோடு அவர் பேசின பேச்செல்லாம் அதுதான். அவருக்கு அது போதுமானதாகவே இருந்தது.

போன மழைக்காலத்தில் லில்லி இறந்துபோனாள். கெசியா வந்து, லீவு இருக்கிற வரைக்கும் கூட இருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு போன் வந்தால் கை மாற்றிவிட ஆள் இல்லை. "சாப்ட்டீங்களா டாடி?" "ஆச்சுமா." "மாத்திரை?" "போட்டுட்டேன்." "அங்க வெயில் எப்படி?" "ஜாஸ்தி." அதோடு சரக்கு தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். "சரி டாடி, டியூட்டி இருக்குது." "சரிமா, வெச்சிடு." வைத்த பிறகுதான் அவருக்குக் கேட்க வேண்டியது ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அந்த நாற்காலியில் இப்போது துவைத்த துணிகள் கிடந்தன. அவர் வாசல் கதவருகே நின்றபடியே பேசுவார். பாதி வார்த்தை விட்டுவிட்டுக் கேட்கும். நாளாக ஆக, போன் வருவதும் கம்மியாகிப்போனது.

வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதியை அவர் ஆசைப்பட்டதே இல்லை. குக்கர் விசில் அடித்தால், "வர்றேன், வர்றேன்" என்று அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கெசியா ஒரு கேமை அவர் போனில் இறக்கச் சொன்னாள். பிரேக் நேரத்தில் அவள் ஆடுகிற கேம். கோட்டை, காடு, ராட்சசன் என்று குழந்தைக் கதை மாதிரி இருந்தாலும் ஆட்டம் சதுரங்கம் மாதிரி நிதானமானது. காடு முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். நம் ஆட்களை ஒரு முறை நகர்த்தினால், பிறகு எதிரியின் முறை. அது முடிந்தால் மறுபடி நாம். அப்பாவும் மகளும் ஒரே பக்கம். அவளுக்கு நாலு ஆள், அவருக்கு நாலு ஆள். அவரவருக்கு ஒழிந்த நேரத்தில் ஆடி வைத்தால் போதும், மற்றவர் பிறகு திறந்து பார்த்துக்கொள்ளலாம். "சும்மா ட்ரை பண்ணுங்க டாடி. பிடிக்கலன்னா விட்டுடுங்க" என்றாள்.

ஞானசீலனின் நாலு பேர்: கேடயக்காரன், வாள்காரன், வில்லாளி, ஒரு வைத்தியச்சி. வைத்தியச்சி சண்டை போட மாட்டாள். அடிபட்டவன் பக்கத்தில் போய் நின்று, தன் உயிரிலிருந்து கொஞ்சம் எடுத்து அவனுக்குக் கொடுப்பாள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பச்சைக் கோடு உண்டு. அடிபட அடிபடக் கோடு குறுகும், தீர்ந்தால் ஆள் காலி.

முதல் சண்டையிலேயே வில்லாளியைக் காட்டின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே நிழலாக இருக்கிறதே என்றுதான். ஓநாய்கள் வந்து அவனைக் குதறிவிட்டன. அடுத்த நிமிஷம் போன் அடித்தது.

"டாடி! அவனை எதுக்கு அங்க நிறுத்துனீங்க?"

"ஏன்மா, மரம் இருந்துதே."

"மரம் இருந்தா? ஓநாய் அங்கிருந்துதான் டாடி வரும்!" என்று சொல்லிக் கெசியா சிரித்தாள். சிரித்துவிட்டு, கேடயக்காரனை எங்கே வைக்க வேண்டும், ஆற்றை எப்படிக் கடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அதிலிருந்து பேச்சு அவள் வார்டுக்குப் போனது. அங்கே ஒரு கிழவர் தினமும் அவள் பெயரைத் தப்பாகச் சொல்லிக் கூப்பிடுவதில் போய் முடிந்தது. போனை வைத்த பிறகு ஞானசீலன் கதவருகே அப்படியே நின்றார். லில்லி போன பிறகு மகள் சிரித்து அவர் கேட்டது அன்றைக்குத்தான். அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அவர் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவர். ஒரு சோடி ஷூவைக் கையில் எடுத்தால் பசை பிசிறு, தையல் விட்ட இடம், நிறம் மாறின தோல் எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண்ணால் எதிரிகளைக் கவனிக்கத் தொடங்கினார். தனியாக ஒரு ஆட்டத்தைத் திறந்து, வேண்டுமென்றே தோற்றுத் தோற்றுப் பார்த்தார். எலும்புக் காவலர்கள் தாங்களாக நகர மாட்டார்கள், அவர்கள் பார்வை படுகிற கட்டத்தில் நாம் கால் வைத்தால் மொத்த வரிசையும் எழுந்து வரும். சூனியக்காரி நம் ஆட்கள் இரண்டு பேர் ஒட்டி நிற்கிற இடமாகப் பார்த்து நெருப்பை வீசுவாள். ராட்சசனுக்கு ஞாபகமே கிடையாது, கடைசியாக எவன் அடித்தானோ அவனையே துரத்துவான். "எங்க மேனேஜர் மாதிரி" என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஓநாய்கள்தான் அவரை ரொம்ப நாள் ஏமாற்றின. கிட்டே நிற்கிறவனை விட்டுவிட்டு எட்டி நிற்கிறவனிடம் போகும். கடைசியில் பிடிபட்டது. ஓநாய், தான் எட்டக்கூடிய தூரத்தில் யாருடைய பச்சைக் கோடு ரொம்பக் குறுகலோ அவனிடம்தான் போகும். பக்கத்தில் வாளோடு ஒருத்தன் நின்றாலும் திரும்பிப் பார்க்காது. இது தெரிந்துவிட்டால் ஓநாயை ஆட்டுவிக்கலாம். அடிபட்ட வில்லாளி ஒருவனைக் குறுகலான பாலத்தின் முனையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் நம் ஆட்களைத் தயாராக வைத்தால், கூட்டம் ஒவ்வொன்றாக வந்து மாட்டும். ஓநாய்க்கு ஆள் வைப்பது என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். இந்த வித்தையை வைத்துத் தனி ஆட்டத்தில் இருப்பதிலேயே கஷ்டமான ஹார்ட் லெவலையே முடித்துவிட்டார். இது கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஆபித் பாஷாவுக்கு மட்டும்தான் தெரியும். கெசியாவுக்குத் தெரியாது.

ஏனென்றால், அவர் நன்றாக ஆட ஆரம்பித்ததும் போன் வருவது நின்றுபோனது. ஜெயித்தால் அவள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். அவ்வளவுதான். கட்டைவிரலோடு என்ன பேச முடியும்?

வழி கம்பெனியில் கிடைத்தது. அங்கே அவர் ரொம்ப நாளாகச் செய்து வருகிற வேலைதான். செக்கிங் டேபிளில் ஆட்கள் தூங்கி வழிகிறார்களா, பார்த்துத்தான் அனுப்புகிறார்களா என்று தெரிந்துகொள்ள, ஒரு பழுதான சோடியை அவரே நல்ல சோடிகளுக்கு நடுவே சொருகிவிடுவார். ஷூ நாக்கின் உட்புறம் பென்சிலால் ஒரு புள்ளி, அவருக்கு மட்டும் தெரியும்படி. டேபிளில் இருப்பவர் விழிப்பாக இருந்தால் அதைப் பிடித்துவிட்டு, "சார்!" என்று கூப்பிடுவார். ஒரு நாள் ஆபித் பாஷா அந்த மாதிரி ஒரு சோடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "சீலன் சார், இது உங்க கைவேலைதானே? சோல் ஓரத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா ஒண்ணு சார், ஒரே டேபிள்லயே தினம் பழுது வந்துட்டு இருந்தா, மேல இருக்கறவங்க அந்த ஆளையே தூக்கிடுவாங்க."

ஞானசீலன் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினார்.

அன்று சாயங்காலமே கேமில் பழுது வைத்தார். ஆட்டம் தோற்கிற அளவுக்கு இல்லை, மகள் கண்ணில் படுகிற அளவுக்கு. சூனியக்காரிக்கு எதிரே இரண்டு பேரை ஒட்டி நிறுத்தினார். காபி போட்டுக் குடித்துவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தது.

"டாடி, ரெண்டு பேரை ஒட்டி நிறுத்தக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன் இல்ல?"

"அப்படியா? மறந்துட்டேன்மா" என்றார், ஹார்ட் லெவலை முடித்த மனுஷன்.

அந்த வாரங்கள் அவருக்குப் பண்டிகை மாதிரி போயின. ராட்சசனிடம் தேவையில்லாமல் ஓர் அம்பு. காவலர்கள் பார்வையில் ஓர் அடி. ஒவ்வொன்றுக்கும் போன் வந்தது. பேச்சு ஓநாயில் தொடங்கி எங்கெங்கோ போகும். அவள் மீன் குழம்பைத் தீய்த்தது, கூடத் தங்கியிருக்கிற மலையாளிப் பெண் ராத்திரியெல்லாம் பாடுவது, அங்கே ஓயாத மழை. லில்லி மூலமாகப் பாதியாகக் கேட்டதையெல்லாம் இப்போது மகள் வாயாலேயே கேட்டார். வில்லாளியை எத்தனையோ தரம் பலி கொடுத்தார், வாள்காரனையும் கொடுத்தார். வைத்தியச்சியை மட்டும் பழுதுக்குப் பயன்படுத்தியதில்லை. அவளை எப்போதும் பின்வரிசையிலேயே வைத்திருந்தார். அதற்குக் காரணத்தை அவர் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் மெசேஜ் வந்தது. "டாடி, உங்க ஆளுங்களை ஆட்டோல போட்டுட்டேன். இனிமே கம்ப்யூட்டரே ஆடிக்கும். நீங்க டென்ஷன் ஆகாதீங்க. சும்மா பாருங்க, போதும்."

ஆட்டத்தைத் தொடங்கினவள் அவள் என்பதால், அந்தப் பட்டன் அவள் போனில் மட்டும்தான் இருந்தது. ஞானசீலன் திறந்து பார்த்தார். அவருடைய நாலு பேரும் தாங்களாகவே நடந்துபோய்ச் சண்டை போட்டார்கள். தப்பே செய்யவில்லை. ஒட்டி நிற்கவில்லை, ராட்சசனைச் சீண்டவில்லை. சண்டையில் ஜெயம். கட்டைவிரல் படம் வந்தது.

மறுபடி பழைய கதையானது. வாரத்துக்கு ஒரு போன். "சாப்ட்டீங்களா டாடி?" "ஆச்சுமா." "கேம் பாக்கறீங்களா? டென்ஷன் இல்லையே?" "இல்லமா." ஆட்டோவை எடுத்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? உன் குரல் கேட்காமல் இருக்க முடியவில்லை என்றா? பெற்ற மகளிடம் அதைக் கேட்டு வாங்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்குப் போனார், வந்தார், குக்கருக்குப் பதில் சொன்னார். ஆபித் பாஷா, "இன்னா சார், ஒரே பேஜாரா இருக்கீங்க?" என்று கேட்டதற்கு, தூக்கம் சரியில்லை பாய் என்று சொல்லி வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, வழியில் அரை பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பார்சலைப் பிரிக்காமலேயே கேமைத் திறந்தார். கெசியா தன் ஆட்களை ஆடி வைத்திருந்தாள். இனி கம்ப்யூட்டர் ஆட வேண்டியது, அவர் பார்க்க வேண்டியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓநாய்கள். இந்தப் பக்கம் அவருடைய நாலு பேர். வைத்தியச்சி மற்ற மூவருக்கும் கொடுத்துக் கொடுத்து, அவள் தலைமேல் இருந்த கோடு நூல் மாதிரி ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் அவளைப் பின்னால் இழுக்கும் என்று பார்த்தார். அது அவளைப் பாலத்தின் முனைக்கு நடத்திக்கொண்டு போனது. கேடயக்காரன் ஒரு பக்கம், வாள்காரன் மறுபக்கம்.

அது சரியான ஆட்டம். அவரை விட நன்றாக அது யாருக்குத் தெரியும்? அவர் கண்டுபிடித்து, அவரே பெயர் வைத்த வித்தை.

"அவளை விடு. பின்னாடி இழு" என்றார் சத்தமாக. திரையில் விரலை வைத்து அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். வைத்தியச்சி அசையவில்லை. ஓநாய்கள் ஒவ்வொன்றாகப் பாலம் ஏறி வந்தன, ஒவ்வொன்றும் நேரே அவளிடம். இரண்டு வாள் வீச்சில் கூட்டம் முடிந்தது, அவளும் முடிந்தாள். ஜெயித்ததற்கு மூன்று நட்சத்திரம் மினுக்கியது. அடுத்த சண்டையில் அவள் எழுந்து வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும், கேம் அப்படித்தான். ஆனாலும் அவரால் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக லில்லியின் கட்டில் பக்கத்தில் நின்றதுதான் ஞாபகம் வந்தது.

அவர் மகளுக்குப் போன் போட்டார். இத்தனை வருஷத்தில் அவராக அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"டாடி?" கெசியாவின் குரலில் பயம் இருந்தது. "இன்னாச்சு டாடி? நெஞ்சு வலிக்குதா? யார் இருக்காங்க கூட?"

"ஒண்ணும் இல்லமா. ஆட்டோவை எடுத்துடு."

"இன்னாது?"

"அந்த ஆட்டோவை எடுத்துடு. அது வைத்தியச்சியைக் கொண்டுபோய் ஓநாய் முன்னால நிறுத்துது. நான் அப்படி நிறுத்த மாட்டேன்."

"டாடி, உங்களுக்குக் கஷ்டமா இருக்குதுன்னுதானே..."

"கஷ்டம் இல்ல. எனக்கு ஆடத் தெரியும். ஹார்ட் லெவல் முடிச்சிருக்கேன்." நிறுத்தினால் பிறகு சொல்லவே மாட்டோம் என்று தெரிந்து, ஒரே மூச்சில் சொன்னார். "ஓநாய் எங்க வரும், சூனியக்காரி எங்க போடுவா, எல்லாம் தெரியும்மா. தெரிஞ்சேதான் தப்பா வெச்சேன். தப்பு பண்ணா நீ போன் பண்ணுவ. ஒழுங்கா ஆடினா பண்ண மாட்ட."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?" கெசியாவின் குரல் உடைந்திருந்தது. "சொன்னதையே மறக்கறீங்க, செஞ்ச தப்பையே திரும்ப செய்யறீங்க. ஞாபக மறதி வியாதி ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சேன் டாடி. எங்க வார்டுல ஒருத்தர் தடுமாற ஆரம்பிச்சா, அந்த வேலையை அவர் கையிலருந்து நாங்க வாங்கிடுவோம். நாங்களே செஞ்சிடுவோம். அப்படித்தான் வாங்கிட்டேன். இங்க ஒரு டாக்டர்கிட்ட கூட உங்களைப் பத்திக் கேட்டுட்டு வந்தேன். அழுதுகிட்டே பஸ்ல வந்தேன்."

"ஐயோ, இல்லமா. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்போ நீங்களே கூப்ட வேண்டியதுதானே? நான் எப்ப பண்ணாலும் சீக்கிரம் வெக்கணும்ங்கற மாதிரியே பேசறீங்க. உங்களுக்குத் தொந்தரவுன்னு நெனச்சுதான் கம்மி பண்ணேன்."

தொந்தரவா? அந்த ஒரு போனுக்காக வில்லாளியை எத்தனை தரம் ஓநாய்க்குப் போட்டிருக்கிறார்! அதைச் சொல்ல வேண்டும். இன்னும் நிறைய சொல்ல வேண்டும். ஒன்றும் வரவில்லை. இரண்டு பக்கமும் அந்தப் பழைய மௌனம் வந்து நின்றது. அந்த மௌனம் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர் வாய்க்கு வருஷக்கணக்கான பழக்கம். அவரைக் கேட்காமலேயே அது பேசிவிட்டது.

"சரிமா, இரு, மம்மிகிட்ட குடுக்கறேன்."

சொல்லிக்கொண்டே கையையும் நீட்டிவிட்டார், ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து. போன் அவர் கையில், வாங்க ஆள் இல்லாமல், அப்படியே நின்றது. நாற்காலியில் போன வாரம் துவைத்த சட்டைகள் கிடந்தன. ஞானசீலன் என்ன சொன்னோம் என்பது புரிந்து, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நீட்டின போனிலிருந்து மகளின் குரல் சின்னதாகக் கேட்டது.

"வேணாம் டாடி. நீங்களே பேசுங்க."

அவர் சட்டைகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் மூக்கை உறிஞ்சுவது கூட அங்கே தெளிவாகக் கேட்டது. பிரிக்காத பார்சல் எதிரே மேஜையில் இருந்தது. "இன்னிக்கு அரை பிரியாணி வாங்கினேன்மா," என்று ஆரம்பித்தார், "ஒரு ஆளுக்கு அதுவே ஜாஸ்தியா இருக்குது."